விவாகரத்து வழக்கு: புதுக்கடைக்கு வருபவர்கள் விடும் பிழைகள்

கொழும்பில் புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் சிங்களக் காகிதங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் விவாகரத்துக் காகிதங்கள் ஏராளமாக என் மேசைக்கு வருகின்றன, என் சொந்த வழக்கில் நான் விட்ட பிழைகளையே புதிதாக வருகிறவர்களும் வரிசையாக விடுகிறார்கள். தவணைக்குப் பிந்தி வருவது, விவாகச் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டு வருவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கானது இது. முஸ்லிம்களின் விவாகரத்து காதி நீதிமன்றத்துக்குரியது.

“இரண்டு பேருக்கும் சம்மதம்தானே” என்று சும்மா இருப்பது

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

சென்னைத் தொடர்களில் கணவனும் மனைவியும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுப் பிரிகிறார்கள். அது இந்தியச் சட்டம். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் சிங்கள நண்பர், “நாங்கள் பதிவாளரிடம் போய் முடித்தோம்” என்பார். அவர் கண்டியச் சட்டத்தில் மணந்தவராக இருப்பார். அதில் பரஸ்பர சம்மதத்துக்கு இடமுண்டு. எங்களுக்கு இல்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே காரணங்களைத்தான் ஏற்கிறது: திருமணத்துக்குப் பின் சோரம்போதல், தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற இயலாமை. யாராவது ஒருவர் மற்றவர்மீது குற்றம் சொல்லி, அதை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும்.

அப்போ சம்மதித்த தம்பதி என்ன செய்கிறார்கள்? ஒருவர் வழக்குப் போடுகிறார். மற்றவரிடம், “நீங்கள் வரத் தேவையில்லை, அது தானாக முடியும்” என்று சொல்லப்படுகிறது. சொல்வது எதிர்த்தரப்பின் சட்டத்தரணி! அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

மட்டக்குளியிலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். கையில் தீர்ப்பாணை. வெளிநாட்டு விசாவுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டுமாம். “ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா, கதைச்சுத்தான் பிரிஞ்சம்” என்றாள். நான் வாசித்துக்கொண்டு போனேன். அவள் கணவனைத் தீய எண்ணத்துடன் கைவிட்டுப் போனாள் என்று இருந்தது. பிள்ளையின் பொறுப்பு தகப்பனுக்கு. அவளுக்கு நிரந்தரத் தாபரிப்பு, அதாவது சீவியச் செலவுக்கான பணம், பற்றி ஒரு வரியும் இல்லை, ஏனென்றால் அவள் கேட்கவே இல்லை. “பிள்ளை என்னோடதான் இருக்கிறான்” என்றாள். இருக்கிறான்தான், ஆனால் காகிதம் வேறு சொல்கிறது. அழைப்பாணையோடு வந்த வழக்கு மனு சிங்களத்தில் இருந்ததால் அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டாளாம்.

பதில் மனு போடாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக விளங்கப்படும். அப்படி வந்த தீர்ப்பாணை உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். அவள் என்னிடம் வந்தபோது அந்த 14 நாள் எப்போதோ போய்விட்டது. பிள்ளையின் பொறுப்பைப் பற்றி மறுபடி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் பத்து நிமிட வாசிப்பில் தடுத்திருக்கக்கூடியதற்கு இன்னொரு சட்டத்தரணி, இன்னொரு கட்டணம், இன்னும் எத்தனையோ தவணை.

சம்மதமென்றாலும் உங்களுக்கென்று தனிச் சட்டத்தரணி வையுங்கள். பதில் மனு போடுங்கள். பிள்ளை, தாபரிப்பு, வீடு, நகை பற்றிய இணக்கத்தை நீதிமன்றப் பதிவில் ஏற்றிய பிறகு எதிர்ப்பைக் கைவிடுங்கள். பழகிய சட்டத்தரணிகள் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்காக இரண்டு பேரும் சேர்ந்து பொய்க் காரணம் புனையக் கூடாது. கூட்டுச்சதி என்று தெரிந்தால் வழக்கே தள்ளுபடியாகும்.

மொழியையும் சாட்டாகச் சொல்லாதீர்கள். கொழும்பில் வழக்கு பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, அந்த மொழி தெரியாத தரப்பினருக்கு அரச செலவில் தமிழில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெற உரிமை உண்டு. முதலியார், அதாவது நீதிமன்ற உரைபெயர்ப்பாளர், வேண்டுமென்று உங்கள் சட்டத்தரணி கேட்க வேண்டும். நீங்கள் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாக ரத்தாகும் என்று நம்புவது

ஆகாது. ஏழு வருடப் பிரிவு பற்றிய ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதிலும் குற்றம் காட்ட வேண்டும் என்று 1986இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காணி உறுதி எழுதியவரிடமே போவது

மாமாவுக்குத் தெரிந்த நொத்தாரிஸ் நல்ல மனிதராக இருக்கலாம். விவாகரத்து வழக்கை நீதிமன்றத்தில் நடத்தியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. நேரடியாகக் கேளுங்கள். கட்டணம் முழு வழக்குக்குமா, தவணைக்குத் தவணையா என்பதையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நீதிமன்ற வாசலில் தானாக வந்து கையைப் பிடிப்பவரோடு போகாதீர்கள். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகமும் புதுக்கடையில்தான் இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புரொக்சி என்னவென்று தெரியாமல் கையெழுத்திடுவது

புரொக்சி என்பது உங்களுக்காக வழக்கை நடத்த ஒரு சட்டத்தரணிக்கு நீங்கள் எழுத்தில் கொடுக்கும் அதிகாரம். எழுந்து நின்று பேசுகிறவர் ஒருவர், புரொக்சி வைத்திருப்பவர் இன்னொருவராக இருக்கலாம். காகிதங்கள் போவதும் வருவதும் இரண்டாமவர் மூலம்தான். அவரோடு கோபித்துக்கொண்டு வேறொருவரிடம் போனால் மட்டும் போதாது. நீதிமன்ற அனுமதியோடு பழைய புரொக்சியை எழுத்தில் ரத்துச் செய்யும்வரை அவர்தான் உங்கள் சட்டத்தரணி. வெற்றுத்தாளில் கையெழுத்து, ஒருபோதும் வேண்டாம்.

கோபத்தில் சோரக் குற்றம் சாட்டுவது

வட்ஸ்அப் படங்களைக் கட்டுக்கட்டாக அச்சடித்துக்கொண்டு வருகிறார்கள். சோரம் என்று எழுதினால், சட்டம் விலக்கும் சில நிலைமைகள் தவிர, அந்த மூன்றாம் ஆளையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். அவருக்கும் சட்டத்தரணி, அவருக்கும் தவணை. கைவிட்டுச் சென்றதை நிரூபிக்க முடியுமென்றால் அதிலேயே நில்லுங்கள். அடித்து, சித்திரவதை செய்து உங்களை வீட்டைவிட்டு வெளியேற வைத்தவரும் சட்டத்தின் கண்ணில் கைவிட்டவர்தான்.

விவாகரத்து முடியட்டும் என்று தாபரிப்பைத் தள்ளிப்போடுவது

ஏன் காத்திருக்க வேண்டும்? 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம்.

தேசவழமையை மறப்பது

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தாலும் யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்களைத் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், பின்தொடரலாம். சீதனம், தேடிய தேட்டம் (மணமான பின் சேர்த்த சொத்து), காணி விற்கும் உரிமை எல்லாம் அதற்குள் வரும். உங்கள் சட்டத்தரணிக்கு அது பரிச்சயமில்லையென்றால் சொத்துப் பகுதியை மட்டுமாவது தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

முதல் தீர்ப்பாணையோடு அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் பதிவது

அது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் கழிந்து, முற்றான தீர்ப்பாணை கையில் கிடைக்கும்வரை நீங்கள் திருமணமானவர்.