திராட்சைக் கொடியில் நோய் பாக்டீரியாவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோதனையில் ‘இல்லை’ என்று வந்துவிட்டால் கொடி சுத்தம் என்று நம்பிவிடுவதுதான் பெரிய தவறு. பல நேரம் கிருமி தங்காத இடத்தில் வெட்டிய துண்டைத்தான் சோதித்திருப்போம்.

கொடியைக் காய வைக்கும் பியர்ஸ் நோயைத் தரும் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா, செடிக்குள் நீர் ஏறும் சைலக் குழாய்களில் மட்டுமே வாழும். அதனால் இலைப்பரப்பைத் தவிர்த்து, இலைக்காம்பையும் நடுநரம்பையும் எடுங்கள். இளந்தளிரில் கிருமி மிகக் குறைவு. கோடைக் கடைசி முதல் இலை உதிரும் வரைதான் சரியான காலம். ஓரம் கருகிய இலை மட்டும் சான்றாகாது. உப்பும் வறட்சியும் அதே கருகலைத் தரும். இலை உதிர்ந்த பின்னும் காம்பு தீக்குச்சி போலத் தண்டிலேயே நின்றால், முற்றிய தண்டில் பச்சைத் திட்டுகள் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

தண்டில் கட்டி வரும் கழலை நோயில் வேறொரு சிக்கல். அதைத் தரும் அலோரைசோபியம் வைடிஸ் என்ற பாக்டீரியா கொடி முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஒரே குச்சியை நம்பக் கூடாது. காய்ந்து கட்டையான கழலையை விட்டுவிட்டு, மென்மையான புதுக் கழலையை எடுங்கள். இந்த இனத்தில் நோய் தராத வகைகளும் உண்டு. கட்டியை உண்டாக்குவது டிஐ பிளாஸ்மிட், அதாவது பாக்டீரியாவுக்குள் இருக்கும் ஒரு தனி டிஎன்ஏ வளையம். ஆகவே அதிலுள்ள விர்டி2 மரபணுவைத் தேடாமல் இனத்தை மட்டும் அடையாளம் கண்டால், கெடுதல் செய்யாத பாக்டீரியாவுக்காகக் கொடியைப் பிடுங்கிவிடுவீர்கள்.

காட்டுக்கொடிகளை ‘பார்க்க நன்றாயிருக்கிறது’ என்று ஒதுக்காதீர்கள். நியூயார்க்கில் தோட்டங்களுக்கு வெளியே வளரும் வைடிஸ் ரைபாரியா என்ற காட்டுத் திராட்சைக் கொடிகளிலும் அலோரைசோபியம் வைடிஸ் கண்டறியப்பட்டிருக்கிறது.

ஆய்வகத்தில் அதிகம் ஏமாற்றுவது திராட்சையின் பாலிஃபீனால்களும் (துவர்ப்புப் பொருள்கள்) பாலிசாக்கரைடுகளும் (பசை போன்ற சர்க்கரைப் பொருள்கள்) தான். அவை டிஎன்ஏவோடு சேர்ந்து வந்து, டிஎன்ஏவைப் பெருக்கிக் கிருமியைக் கண்டறியும் பிசிஆர் சோதனையைத் தடுக்கும். டிஎன்ஏவைப் பிரிக்க உதவும் சிடிஏபி கரைசலில், பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்த்துப் பிரித்தெடுங்கள். அதே டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தும் பிசிஆர் செய்யுங்கள்; அப்போது மட்டும் ‘உண்டு’ என்று வந்தால் தடுப்புப் பொருள்தான் காரணம். கூடவே கொடியின் சொந்த மரபணு ஒன்றையும் தேடுங்கள். அதுவே தெரியவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதாமல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டை மூன்றாம் நாளே எறிந்துவிடுவதும் வழக்கமான பிழை. சைலெல்லா தெரியப் பத்து முதல் இருபது நாள் ஆகலாம். சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் அது வளராது. வளர்ப்புக்கான மாதிரியை உறைய வைக்காமல் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். கொடிக்குக் கொடி கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள்.

பிசிஆர் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் காட்டும். உயிருள்ளதா என்று தெரிய வேண்டுமானால் வளர்ப்பும் தேவை.