குப்பை அஞ்சல் அனுப்புவோர் உங்கள் முகவரியை நீக்குவார்களா?

திருகோணமலைக் கடற்கரையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி நடத்துவோர் முன்பதிவுக்காகத் தம் மின்னஞ்சல் முகவரியை இணையத்தில் வெளிப்படையாக வைத்திருப்பதால், முகவரி திரட்டும் நிரல்களுக்கு அது எளிதில் அகப்படுகிறது. பின்னர் வந்து குவியும் அஞ்சல்களின் அடியிலுள்ள, பட்டியலிலிருந்து விலகுவதற்கான ‘unsubscribe’ இணைப்பை அழுத்தலாமா என்பது, அனுப்பியவர் யார் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கடையோ முன்பதிவுத் தளமோ அனுப்பியதாயின் தயங்காமல் விலகுங்கள். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், விலகல் கோரிக்கையை 10 வேலைநாட்களுக்குள் நிறைவேற்றுமாறு பணிக்கிறது.

முன்பின் அறியாதவர் அனுப்பிய விளம்பரமாயின் எதையும் அழுத்தாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். ஒரு முகவரியைப் பட்டியலில் வைத்திருக்க அவர்களுக்கு ஏறக்குறையச் செலவே இல்லாததால் நீக்கும் தேவையும் எழுவதில்லை. மாறாக, உங்கள் சொடுக்கு அம்முகவரியை ஒருவர் வாசிக்கிறார் என்பதை உறுதிசெய்து, பட்டியலை இன்னொருவருக்கு விற்கும்போது அதன் மதிப்பைக் கூட்டிவிடும். அஞ்சல் சேராமல் வழங்கியிலிருந்து (சர்வர்) திரும்பிவரும் செத்த முகவரிகளைச் சிலர் நீக்குவதுண்டு; அவற்றுக்குத் தொடர்ந்து அனுப்பினால் குப்பை அஞ்சலைத் தடுக்கும் வடிகட்டிகள் தம்மை இனங்கண்டுவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

ஆகவே அத்தகைய அஞ்சலை ‘ஸ்பாம்’ எனக் குறியிடுங்கள். படங்கள் தாமாகத் திறக்கும் அமைப்பையும் நிறுத்துங்கள், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத சிறு படமொன்றே நீங்கள் அஞ்சலைத் திறந்ததை அனுப்பியவருக்கு அறிவித்துவிடும். “ஜூலையில் இரண்டு அறைகள் வேண்டும், பயணிகள் விவரம் இணைப்பில்” என்று சுருக்கப்பட்ட கோப்புடன் வரும் அஞ்சலில் மிகுந்த எச்சரிக்கை தேவை. கோப்பைத் திறக்காமல், பயணிகளின் பெயர்களை அஞ்சலிலேயே எழுதுமாறு கேளுங்கள். முன்பதிவுக்கெனத் தனி முகவரி வைத்து, வங்கிக் கணக்குக்கு வேறொன்றைப் பயன்படுத்துங்கள்.