கத்திரி வெயிலில் கார் ஓட்டும்போது: கண்ணாடியா, ஏசியா?

போன வருடம் மே மாதம் அப்பாவோடு சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போனேன். ஸ்டீயரிங்கை அப்பா விடவில்லை. 67 வயது, நாற்பது வருட அனுபவம். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, "இவ்வளவு காத்து வருதே, அப்புறம் எதுக்கும்மா ஏசி? சும்மா பெட்ரோலைக் குடிக்கும்" என்றார். திண்டிவனம் வரை ஊர்க் கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். விழுப்புரம் பைபாஸில் பேச்சு குறைந்தது. உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது முன்னால் போன லாரி இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் வர ஆரம்பித்த பிறகும் அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. நான் கத்திய பிறகுதான் பிரேக்கில் கால் வைத்தார்.

ஒரு டீக்கடை வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். இறங்கி நடந்தவரின் சட்டை முதுகைப் பார்த்தேன். ஈரமே இல்லை. துணி மொடமொடவென்று காய்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். "எனக்கு வேர்க்கவே இல்லையேம்மா" என்றார். வேர்த்திருக்கிறது, இரண்டரை மணி நேரமாக. அடித்த அனல் காற்று அதை உடனுக்குடன் உறிஞ்சிவிட்டது. மூன்று டம்ளர் மோர் உள்ளே போன பிறகுதான் முகத்தில் களை வந்தது.

வெயிலில் கார் ஓட்டும்போது நாம் செய்கிற தவறுகளில் பல, 'எதில் பெட்ரோல் மிச்சம்?' என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்பதிலிருந்துதான் தொடங்குகின்றன என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அந்தக் கேள்வியையே முதலில் பார்த்துவிடலாம்.

மைலேஜ் கணக்கு

ஏசியின் கம்ப்ரஸர் இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்து ஓடுகிறது. வண்டி நகர்ந்தாலும் நின்றாலும் அதற்குச் சக்தி வேண்டும். அதாவது ஏசியின் செலவு மணிக்கணக்குச் செலவு. நகரத்தில் பத்து கிலோமீட்டர் கடக்க முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால், அந்த முக்கால் மணி நேரச் செலவும் அந்தப் பத்து கிலோமீட்டர் தலையில் விழும். நான்குவழிச் சாலையில் அதே நேரத்தில் அறுபது கிலோமீட்டர் போய்விடுவீர்கள். செலவு பரவிவிடும்.

கண்ணாடியை இறக்கினால் வேறு கணக்கு. வண்டியைச் சுற்றி வழுக்கிப் போக வேண்டிய காற்று உள்ளே புகுந்து சுழன்று இழுக்கும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 40 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல 80-இல் நான்கு மடங்கு, 100-இல் ஆறு மடங்குக்கும் மேல். ஆகவே மெதுவாகப் போகும்போது திறந்த கண்ணாடிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. வேகம் ஏற ஏறத்தான் அது கணக்கில் வரும்.

இதை வைத்து '80-க்கு மேல் போனால் ஏசிதான் லாபம்' என்று பலர் ஒரு சூத்திரம் போல் சொல்வார்கள். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். வழவழப்பான வடிவமுள்ள செடான் வண்டி கண்ணாடியைத் திறந்தால் அதிகம் இழக்கும். பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிற எஸ்யூவி ஏற்கெனவே காற்றோடு முட்டிக்கொண்டுதான் போகிறது, கண்ணாடி திறப்பதால் அதற்குப் பெரிதாக ஒன்றும் கூடாது. சில வண்டிகளில் நெடுஞ்சாலை வேகத்திலும் ஏசிதான் சற்றுக் கூடுதலாக எடுக்கும். நெடுஞ்சாலையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியது, அதற்காக உடம்பைக் காயவிடுவதில் அர்த்தமே இல்லை.

உண்மையான இழப்பு குறுகிய தூரத்தில்தான். கடும் வெயிலில் ஏசி மைலேஜை 25 சதவீதத்துக்கும் மேல் குறைக்கலாம், அதுவும் குறிப்பாகச் சின்னச் சின்னப் பயணங்களில் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. காரணம் எளிது. கொதிக்கிற வண்டியை முதலில் குளிரவைக்கத்தான் ஏசி அதிகம் உழைக்கிறது. அந்த வேலை முடிவதற்குள் நீங்கள் மளிகைக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். காலையிலும் மாலையிலும் பக்கத்துத் தெருவுக்குப் போக கண்ணாடியை இறக்குங்கள், பணம் அங்கேதான் மிச்சமாகும்.

காற்று வந்தால் போதும் என்று நினைப்பது

நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. வீசுகிற காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கரூர் பரமத்தியிலும் வேலூரிலும் 40 டிகிரியைத் தாண்டுகிற மத்தியான நேரத்தில் அதே காற்று உடம்புக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போகும். அப்போது நம்மைக் காப்பாற்றுவது வியர்வை உலர்வது மட்டுமே. அதுவும் உள்ளே தண்ணீர் இருக்கிறவரைதான்.

உள்மாவட்டங்களின் வறண்ட வெயிலில் ஆபத்தே இதுதான்: வியர்ப்பது தெரியாது. கடலோரத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும், எரிச்சலாக இருக்கும், தண்ணீர் குடிக்கத் தோன்றும். சேலம், கரூர் பக்கம் அந்த எச்சரிக்கை கிடைக்காது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 2015-இல் செய்த ஒரு சோதனையில், போதிய தண்ணீர் குடித்துவிட்டு ஓட்டியபோது 47 பிழைகள், உடம்பில் நீர் சற்றே குறைந்த நிலையில் ஓட்டியபோது 101 பிழைகள். தாமதமாகப் பிரேக் போடுவதும் தடம் மாறுவதும்தான் அந்தப் பிழைகள். படித்ததும் எனக்கு உளுந்தூர்பேட்டை லாரிதான் ஞாபகம் வந்தது.

லாரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. இன்ஜின் சூட்டையும் வெயிலையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுகிற நாமக்கல், சங்ககிரி டிரைவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. ஓட்டுகிறவர் தெளிவாக இருக்கக் குளிர்ச்சி தேவை என்பது லாரிக்குப் பொருந்தும் என்றால், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற காருக்கும் பொருந்தும்.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும்

அமெரிக்காவின் அரிசோனாவில் 2018-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டிக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி, ஸ்டீயரிங் 53, டாஷ்போர்டு 69. நம் ஊரில் கருப்பு சீட்டில் கை வைத்தவர்களுக்கு இந்த எண்களில் ஆச்சரியம் இருக்காது.

இந்த வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே காத்திருப்பதுதான் நிறையப் பேர் செய்வது. வெளியே 38 டிகிரி, உள்ளே ஐம்பதை நெருங்குகிற காற்று. உள்ளிருப்பதைத் தள்ளிவிட்டாலே பத்து டிகிரி இலவசமாகக் குறையுமே! எதிர்ப்பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, டிரைவர் பக்கக் கதவை நாலைந்து முறை திறந்து மூடுங்கள், விசிறி வீசுவது போல. அப்புறம் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, ஏசியையும் போட்டு, உடனே கிளம்புங்கள். இன்ஜின் வேகமெடுத்தால்தான் கம்ப்ரஸரும் நன்றாக ஓடும். இரண்டு மூன்று நிமிடம் ஓடி அனல் வெளியேறியதும் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். ஏசியும் திறந்த கண்ணாடியும் சேர்ந்து இருக்கலாம் என்றால் அந்தச் சில நிமிடம் மட்டும்தான்.

குழந்தையை உள்ளே விட்டுவிட்டு, 'கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்திருக்கிறேன், அஞ்சு நிமிஷம்தானே' என்று கடைக்குள் போவது மன்னிக்க முடியாத தவறு. 2005-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், நின்றிருந்த காருக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. குழந்தையின் உடம்பு நம் உடம்பைவிட மிக வேகமாகச் சூடேறும். தூங்குகிற குழந்தையை எழுப்பத் தயக்கமாக இருந்தால் தோளில் போட்டுக்கொண்டு போங்கள். வயதானவர்களையும் இப்படி உட்கார வைக்காதீர்கள்.

அந்த வளைந்த அம்பு பட்டன்

டாஷ்போர்டில் ஒரு காருக்குள் அம்புக்குறி திரும்பி வளைவது போல ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் வெளிக்காற்று நின்று, உள்ளிருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். ஏற்கெனவே குளிர்ந்த காற்று என்பதால் ஏசிக்குச் சுமை குறைவு, வண்டி சீக்கிரம் குளிரும். புகை கக்குகிற லாரி பின்னாலோ, குப்பை எரிகிற இடத்திலோ அது நல்ல காவல்.

ஆனால் திருநெல்வேலி வரை அதை எடுக்காமலே போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்து பேர் விடுகிற மூச்சும் உள்ளேயே சுற்றுகிறது. கரியமில வாயு ஏற ஏறத் தலை கனக்கும், கொட்டாவி வரும். சாப்பாட்டு மயக்கம் என்று நினைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒரு முறையாவது அந்தப் பட்டனை எடுத்து ஐந்து நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள். பின் சீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கி விழுந்தால் முதலில் அந்தப் பட்டனைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவது. சைலன்சர் குழாயில் எங்காவது ஓட்டை இருந்தாலோ, மூடிய ஷெட்டில் நின்றாலோ, கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, இப்படி எத்தனையோ பேருக்கு. தூக்கம் வந்தால் மரநிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டுத் தூங்குங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை.

மலை ஏறும்போது

ஏசியை நிறுத்தியே ஆக வேண்டிய இடமும் உண்டு. வண்டிக்குள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுகிற ஏசியின் கண்டென்சர், இன்ஜினைக் குளிரவைக்கும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. அது கக்குகிற சூடு நேராக ரேடியேட்டருக்குப் போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறையின் 40 வளைவுகளிலோ இரண்டாம் கியரில், முழுச் சுமையோடு, மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. சூடு காட்டும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் உடனே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். இன்னும் ஏறினால் ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். முகத்தில் அனல் அடிக்கும், ஆனால் அது இன்ஜினிலிருந்து வெளியேறுகிற சூடு. பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது தொடவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளியே ஏறக்குறைய 6 டிகிரி குறைந்துவிடும். ஏற்காட்டில் பாதி வளைவு தாண்டியதும் காட்டுக் காற்றே போதும்.

'கேஸ் குறைஞ்சிருக்கு'

ஏசி குளிரவில்லை என்று போனால் உடனே கேஸ் நிரப்பச் சொல்வார்கள். நானும் தொடர்ந்து இரண்டு கோடையில் பணம் கொடுத்து நிரப்பினேன். கேஸ் ஒரு மூடிய சுற்றில் ஓடுகிறது. பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. வருடா வருடம் குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பல கார்களில் இருக்கிற அந்தக் கேஸ், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாம் வருடம் வேறொரு மெக்கானிக் முன்பக்க கிரில்லைக் கழற்றிக் காட்டினார். கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே செத்த பூச்சிகளும் மண்ணும் காய்ந்த இலைகளும் அடை மாதிரி ஒட்டியிருந்தன. அளவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினார். காபின் ஃபில்டரை உருவி எடுத்தால் வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில் இருந்தது. அதை மாற்றி, கசிந்த ஒரு வாஷரையும் மாற்றினார். ஏசி பழையபடி குளிர ஆரம்பித்தது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் அதே மணிக்கணக்குதான். ஏசி மணிக்கு ஒரு யூனிட்டிலிருந்து இரண்டு யூனிட் வரை எடுக்கலாம், நெரிசலில் நின்றாலும் எடுத்துக்கொண்டே இருக்கும். சார்ஜரில் இணைந்திருக்கும்போதே வண்டியைக் குளிரவைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், பேட்டரியில் கை வைக்க வேண்டாம்.

இந்த வருடம் மே மாதம் மறுபடியும் திருச்சிக்குப் போனோம். காலை ஐந்து மணிக்கே கிளம்பினோம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக் காற்று வண்டிக்குள் சில்லென்று வந்தது, நான்கு கண்ணாடிகளும் இறங்கித்தான் இருந்தன. திண்டிவனத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மணி எட்டு, வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் அப்பா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டார். நடுவில் வைத்திருந்த மோர் பாட்டிலை என்னிடம் நீட்டி, மூடியைத் திறந்து தரச் சொன்னார்.