டெக்சாஸில் கவுண்டி கிளர்க் அலுவலகம்: முதல்முறை போகிறவர்களுக்கு

டெக்சாஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டு விஷயங்கள். கல்யாணத்தை எங்கே பதிவு செய்வது, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கும்? இரண்டுக்கும் பதில் ஒரே இடம்தான், கவுண்டி கிளர்க் அலுவலகம். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் போல என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டெக்சாஸில் 254 கவுண்டிகள் உள்ளன. கவுண்டியின் ஆவணங்களைப் பதிவுசெய்து காப்பது கிளர்க்கின் வேலை என்று 1876-ஆம் ஆண்டின் மாநில அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. கிளர்க் என்றதும் நம் ஊர் குமாஸ்தாவை நினைத்துவிடாதீர்கள். இவர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. திருமண உரிமம் கொடுப்பது, நிலப் பத்திரங்களைப் பதிவது, கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் மன்றத்தின் நடவடிக்கைகளை எழுதி வைப்பது, கவுண்டி நீதிமன்றத்தின் கோப்புகளைக் காப்பது எல்லாம் இவர் பொறுப்பு.

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் மாற்றிப் போய்விடுகிறார்கள். விவாகரத்து வழக்கு என்றால் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றத்தின் கோப்புகளைக் காக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளர்க். சொத்து வரி கட்டவும் வண்டியைப் பதியவும் டாக்ஸ் ஆபீஸ். வீட்டின் மதிப்பு அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று முறையிட அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். கிளம்புவதற்கு முன் இதைச் சரிபார்த்தால் ஒரு நாள் லீவு மிச்சம்.

இது டெக்சாஸ் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். நியூ ஜெர்சியில் திருமண உரிமம் வாங்க நகராட்சியின் பதிவாளரிடம் போக வேண்டும், அங்கே கவுண்டி கிளர்க் அதைக் கொடுப்பதில்லை.

படி 2: உரிமம் வாங்க நாள் குறியுங்கள்

முகூர்த்தம் குறிக்கும்போதே இதற்கும் நாள் குறித்துவிடுங்கள். உரிமம் கையில் வந்த நேரத்திலிருந்து 72 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம் நடத்தலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முகூர்த்தம் என்றால், வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கவுண்டரில் நிற்பது தாமதம். புதன்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். அதற்காக நாலு மாதம் முன்னாடியே வாங்கி வைக்கவும் கூடாது, 90 நாளில் காலாவதியாகிவிடும். மாநிலம் அங்கீகரித்த எட்டு மணி நேரத் திருமண வகுப்பை இருவரும் முடித்துச் சான்றிதழோடு போனால் காத்திருப்பு கிடையாது, கட்டணத்திலும் 60 டாலர் குறையும்.

உரிமத்தை எந்தக் கவுண்டியிலும் வாங்கலாம், மாநிலத்தில் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் நடத்தலாம். ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வாங்கிக்கொண்டு, பிரசோரியா கவுண்டியில் இருக்கும் பேர்லாண்ட் மீனாட்சி அம்மன் கோயிலில் தாலி கட்டலாம். குடியுரிமை தேவையில்லை. சாட்சிக் கையெழுத்தும் தேவையில்லை, ஆகவே அப்பா அம்மா விசா தாமதமானாலும் இந்த வேலை நிற்காது. சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் கேட்பார்கள், இன்னும் எண் வராதவர்களும் விண்ணப்பிக்கலாம்.

படி 3: கவுண்டரில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

இருவரும் பாஸ்போர்ட்டோடு நேரில் போங்கள். விண்ணப்பத்தைக் கிளர்க்கின் முன்னால் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அந்த உறுதிமொழியில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. பெற்றோரின் உடன்பிறந்தவர்களுடைய பிள்ளையை நான் மணக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் நமக்கு முறைதான். டெக்சாஸ் சட்டம் 2005 முதல் அந்த மணத்தை அனுமதிப்பதில்லை. தாய்மாமனுக்கும் அதே தடைதான். இது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். அப்படி உறவு இருந்தால் கவுண்டருக்குப் போகும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். கிளர்க் அலுவலகத்தில் சட்ட ஆலோசனை கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

அடுத்தது பெயர். இனிஷியல் வைத்து வளர்ந்த நமக்கு இதுதான் பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் முழுவதும் சர்நேமுக்குப் போய், முதல் பெயரில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். கணினியில் பெயரை ஏற்றுகிறவருக்கு எது உங்கள் பெயர், எது அப்பா பெயர் என்று தெரியாது. அச்செடுத்துக் காட்டும்போது ஒவ்வொரு எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். என் தோழி ஒருத்தி அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவள் பெயரும் அவள் அப்பா பெயரும் இடம் மாறியிருந்ததை, மாதங்கள் கழித்து விசா வேலையின்போதுதான் பார்த்தாள். கணவனும் மனைவியும் நோட்டரி முன்னால் பிழையைச் சொல்லிப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் கிளர்க் அதைத் திருத்தமாகப் பதிவார். வழி உண்டு, ஆனால் அவள் பட்ட மன உளைச்சலை நான் கூடவே இருந்து பார்த்தேன். உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றாலும் நிதானமாகப் படியுங்கள்.

படி 4: உரிமத்தைத் திருப்பி அனுப்புங்கள்

தாலி கட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். நடத்தி வைத்த குருக்கள் அந்தத் தாளில் தேதியும் கவுண்டியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 30 நாளுக்குள் அது, உரிமம் கொடுத்த அதே கிளர்க்குக்குப் போய்ச் சேர வேண்டும். சமய அமைப்பு அங்கீகரித்த பூசாரி கையெழுத்திடலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் கையெழுத்திடுவாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மண்டபத்தில் மொய்க் கவர்களோடு தாள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான மச்சானை நியமியுங்கள்.

படி 5: சான்றிட்ட நகல்

பதிவான பிறகு சான்றிட்ட நகல்களை இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். பெயர் மாற்றம், காப்பீடு, விசா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தியாவில் காட்ட வேண்டுமென்றால் அந்த நகலை மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று, வாங்க வேண்டும். இந்தியா 2005-இல் அப்போஸ்டிலுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால் அது அங்கே செல்லுபடியாகும்.

படி 6: வீட்டுப் பத்திரம்

வீடு வாங்கும்போது, சொத்தின் உரிமையைச் சரிபார்த்து விற்பனையை முடித்துத் தரும் டைட்டில் கம்பெனியே பத்திரத்தைக் கிளர்க்கிடம் பதிவுக்கு அனுப்பிவிடும். கிளர்க் அதற்கு ஒரு எண் கொடுத்து, விற்றவர் பெயரிலும் வாங்கியவர் பெயரிலும் அட்டவணையில் ஏற்றுவார். விற்றவருக்கு உண்மையிலேயே உரிமை இருந்ததா என்று அவர் ஆராய்வதில்லை. அதற்குத்தான் டைட்டில் காப்பீடு, அதாவது உரிமையில் குறை வந்தால் இழப்பை ஈடுகட்டும் காப்பீடு. பதிவான ஆவணத்தை யாரும் பார்க்கலாம். அதனால் பத்திரத்தில் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ ஓட்டுநர் உரிம எண்ணோ இருந்தால், பதிவுக்கு முன் அடித்து நீக்கிவிடுங்கள். சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமை அது.

வீடு வாங்கிய சில வாரங்களில் அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வரும். உங்கள் பத்திர நகலை எடுத்துத் தருகிறோம், இவ்வளவு டாலர் அனுப்புங்கள் என்று இருக்கும். அனுப்பாதீர்கள். கிளர்க் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு 5 டாலரும், பக்கத்துக்கு 1 டாலரும்தான். பல கவுண்டிகளின் இணையதளத்தில் உங்கள் பெயரைத் தட்டினால் பத்திரம் பதிவான விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் பெயரில் புதிதாக எது பதிவானாலும் மின்னஞ்சல் அனுப்பும் இலவச வசதியும் பல இடங்களில் இருக்கிறது. பத்திரத்தைப் பார்க்கும்போதே அதிலும் பதிந்துவிடுங்கள்.