புதிய கடல்நீர்த் தொட்டியில் பாசி: அவசரத்தால் நேரும் தவறுகள்

கடல்நீர்த் தொட்டி அமைத்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வெண்மணல்மீது காபித்தூளைச் சலித்துத் தூவியதுபோல ஒரு பழுப்புப் படலம் படியும். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுத் தொட்டியில் அதைக் கண்ட அன்றே பாசிக்கொல்லி மருந்தை ஊற்றினேன். என் முதல் தவறு அதுதான். டயட்டம் என்னும் அந்த நுண்ணுயிர், நீரிலுள்ள சிலிகேட்டை எடுத்து ஓடு கட்டிக்கொள்வது. சிலிகேட் தீர்ந்ததும் பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

மாதக்கணக்கில் அடங்கவில்லையென்றால், குற்றம் நாம் ஊற்றும் நீரில் இருக்கிறது. நம் ஊர் அடுக்குமாடிகள் பலவற்றில் காவிரி நீரோடு போர்வெல் நீரும் கலந்தே வருகிறது. சமையலறையில் ஆர்ஓ இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. குடிநீருக்கான இயந்திரங்கள் பலவற்றில், சுவைக்காக வடிகட்டாத நீரையும் சிறிது சேர்க்கும் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) கண்ட்ரோலர் இருக்கிறது. எங்கள் ஆர்ஓ நீரில் டிடிஎஸ் மீட்டரை நனைத்தபோது 85 காட்டியது. தொட்டிக்கு வேண்டியதோ 0. ஆவியாகும் நீர் உப்பையோ சிலிகேட்டையோ உடன் எடுத்துச் செல்வதில்லை என்பதால், ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்ய ஒவ்வொரு குடம் ஊற்றும்போதும் இவை சேர்ந்துகொண்டே போகும். ஆர்ஓவைத் தாண்டி நழுவும் சிலிகேட்டைப் பிடிக்க, கரைந்த அயனிகளை ஈர்த்துக்கொள்ளும் டிஐ ரெசின் மணிகளும் வேண்டும்.

செம்பழுப்பு நிறத்தில் தோல்போல உரிந்து வருவது பாசியே அன்று, சயனோபாக்டீரியா. குழாய் வைத்து உறிஞ்சியெடுத்து, அந்த மூலையில் நீரோட்டத்தைக் கூட்டினாலே பெரும்பாலும் குறையும். எடுத்த எடுப்பில் ஆன்டிபயாடிக் போடுவது, அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கக்கூடும்.

பச்சை முடிப்பாசியில் பலரும் ஏமாறுவது சோதனை எண்ணைப் பார்த்துத்தான். பாறை முழுதும் பாசி மண்டிக் கிடக்க, அதற்கு உணவாகும் பாஸ்பேட் 0 என்று காட்டும். கரைந்ததையெல்லாம் பாசியே உண்டுவிட்டிருக்கும். கையால் பிடுங்கி வெளியேற்றுவதும், மீன்களுக்கு உறைந்த இறாலை அலசிக் கொடுப்பதும், விளக்கை எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்துவதும்தான் பலன் தரும்.

எல்லாவற்றையும்விடக் கொடிய தவறு, பாசிக்குப் பயந்து, அதன் உணவான நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு துடைத்தெடுப்பது. போட்டிக்கு ஆளில்லாத அந்த இடத்தில் டைனோபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்னும் நுண்ணுயிர் புகுந்துவிடும்: குமிழிகள் கோத்த, சளிபோன்ற பழுப்பு இழைகள், பகலில் தடித்து இரவில் மெலிபவை. டயட்டமா இதுவா என்று ஐயமிருந்தால், அந்த நீரைப் புட்டியில் பிடித்து நன்றாகக் குலுக்கி, காகித வடிகட்டியில் வடித்து (நம் பித்தளை காபி பில்டரின் துளைகள் இதற்கு மிகப் பெரியவை), வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மீண்டும் இழையாகத் திரண்டால் பெரும்பாலும் டைனோதான். அப்போது நீர் மாற்றுவதை நிறுத்தி, நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையிலும், பாஸ்பேட்டை 0.1 பிபிஎம்மை ஒட்டியும் உயர்த்த வேண்டும். சில டைனோ இனங்கள் நஞ்சுடையவை என்பதால், பாசி மேய்வதற்கென்று புதிய நத்தைகளை அந்த வாரங்களில் தொட்டியில் விடாதீர்கள்.