பீக் ஃபுல்லா இருக்கு, ஆனா பேச்சு கேக்கல: ஆடியோ லெவல்ல எல்லாரும் பண்ற தப்புகள்

போன மாசம் சித்தி பொண்ணோட சமையல் வீடியோவுக்கு ஆடியோ சரி பண்ண உக்காந்தேன். அவளே நார்மலைஸ் (பீக், அதாவது வேவோட உச்சி, ஒரு அளவைத் தொடற வரைக்கும் மொத்த ஆடியோவையும் ஏத்தற வசதி) போட்டு மைனஸ் 1 டிபி (டெசிபல்) வரைக்கும் ஏத்தி வச்சிருந்தா. "இதுக்கு மேல ஏத்த முடியலண்ணா, மீட்டர் சிவப்பாயிடுது, ஆனா போன்ல கேட்டா நான் கிணத்துக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு"ன்னா. வேவ்ஃபார்மை விரிச்சு பாத்தா ஆறாவது நிமிஷத்துல குக்கர் மூடி மேடைல விழுந்து ஒரு 'டங்', அது ஒண்ணுதான் மைனஸ் 1-ஐத் தொட்டிருக்கு, அவ பேச்செல்லாம் மைனஸ் 12-ஐத் தாண்டவே இல்ல. லௌட்னஸ் மீட்டர்ல ஓட்டுனா மைனஸ் 27 லஃப்ஸ் (LUFS, காதுக்குப் படற சத்தத்தோட அளவு, 0-வை விட்டு கீழ போகப் போக சின்ன சத்தம்)!

முதல் தப்பு இதுதான், பீக்கைப் பாத்து சத்தத்தை முடிவு பண்றது. பீக் மீட்டருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, வேவ் எவ்ளோ உயரம் போச்சுங்கறது. டிஜிட்டல்ல 0 தான் கூரை, தாண்டினா கிளிப் ஆகும், அதாவது வேவோட உச்சி வெட்டுப்பட்டு சத்தம் கிழியும். காதுக்கு எவ்ளோ சத்தமா படுதுங்கறது வேற கணக்கு, அதுக்கு லஃப்ஸ் மீட்டர் அடி பேஸைக் கொஞ்சம் கழிச்சுட்டு, மேல் ஃப்ரீக்வென்சிய ஒரு 4 டிபி தூக்கி, 400 மில்லிசெகண்ட் துண்டு துண்டா அளந்து, நடுவுல வர்ற அமைதியைத் தூக்கிப் போட்டுட்டு மொத்தத்துக்கும் சராசரி எடுக்குது. ஒரு நொடி கூட நிக்காத மூடி சத்தம் அந்த சராசரில பெருசா எதையும் அசைக்காது. ஆடாசிட்டி (ஆடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்) மெனுல நார்மலைஸ், லௌட்னஸ் நார்மலைசேஷன்னு ரெண்டும் தனித்தனியா இருக்கறது இதுக்குத்தான், நெறைய பேர் முதல்ல கண்ணுல பட்டதை அழுத்திட்டு போயிடறாங்க.

டிவி விளம்பரம் மட்டும் ஏன் அலறுச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? பீக் லிமிட்டை அவங்களும் மீறல, ஆனா கம்ப்ரஸ் பண்ணி (பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைச்சு) மொத்த ஆடியோவையும் கூரையை ஒட்டியே வச்சாங்க. அந்தப் புகார் எல்லாம் சேர்ந்துதான் 2006-ல ஐடியூ (ஐநாவோட தொலைத்தொடர்பு அமைப்பு) லௌட்னஸ் அளவு முறைய கொண்டு வந்துச்சு, 2010-ல ஐரோப்பால ஆர்128-ன்னு ஒரு ஒளிபரப்பு பரிந்துரைல மைனஸ் 23 லஃப்ஸ் வச்சாங்க, அமெரிக்கால விளம்பர சத்தத்துக்குன்னே சட்டம் போட்டு 2012 டிசம்பர்லேர்ந்து அமல் பண்ணாங்க.

அடுத்தது, யூடியூப்ல கெத்தா கேக்கணும்னு மைனஸ் 8 லஃப்ஸ் வரைக்கும் நசுக்கி ஏத்தறது. யூடியூப் சுமார் மைனஸ் 14-க்கு மேல இருக்கறதை அதுவே இறக்கிடும், சத்தமும் கிடைக்காது, நசுங்குன சவுண்டு மட்டும் மிச்சம். சின்னதா இருந்தா அதுவே ஏத்திக் கொடுக்கும்னு நம்புறது இதோட தம்பி, அது ஏத்தாது (சத்தத்தை சமமாக்கற யூடியூப்போட ஸ்டேபிள் வால்யூம் வசதி கதை வேற, அதை நம்பி மிக்ஸ் பண்ணாதீங்க). வீடியோல ரைட் கிளிக் பண்ணி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் தட்டுனா கன்டென்ட் லௌட்னஸ்னு ஒரு நம்பர் வரும், அது யூடியூப் அளவுலேர்ந்து எவ்ளோ வித்தியாசம்ங்கறது, மைனஸ்ல இருந்தா அந்த அளவை விட உங்க வீடியோ சின்ன சத்தம்னு அர்த்தம்.

மோனோ விஷயத்துல நானே ஏமாந்திருக்கேன். மோனோ (ஒரே சேனல்) ஃபைலா அளந்தா மைனஸ் 19 காட்டும், அதையே ரெண்டு சேனல்லயும் போட்டு ஸ்டீரியோவா அளந்தா மைனஸ் 16, காதுக்கு ஒரே சத்தம்தான். எதை எப்படி அளந்தோம்னு தெரியாம நம்பரை மட்டும் ஒப்பிட்டா ஒரு ராத்திரி வீண். அதே மாதிரி முதல் பத்து செகண்டை ஓட்டிட்டு வர்ற ஷார்ட் டெர்ம் (சில செகண்டை மட்டும் அளந்த) நம்பரை முழு வீடியோவோடதுன்னு எடுத்துக்காதீங்க, இன்டக்ரேட்டட் (மொத்தத்துக்கும் எடுத்த சராசரி) தான் வேணும், முழுசா ஓட விடுங்க. 6 டிபி ஏத்தினா சத்தம் டபுள்னும் சொல்வாங்க, டபுள் ஆகறது வேவோட உயரம், காதுக்கு டபுளா தெரிய சுமாரா 10 டிபி வேணும்.

நம்ம குக்கர் கதைக்கு வந்தா, மைனஸ் 27-ஐ மைனஸ் 16-க்குக் கொண்டு வரணும், இருந்தபடியே 11 டிபி ஏத்துனா மூடி பிளஸ் 10-க்குப் போய் கிழிஞ்சிடும். அதனால மூடி சத்தத்தை மட்டும் கையால 15 டிபி இறக்கி, அப்புறம் மொத்தத்தையும் 11 ஏத்தி, மேல ட்ரூ பீக் (ஒலியா மாறும்போது வர்ற நிஜ உச்சி) மைனஸ் 1-ல லிமிட்டர் (அதைத் தாண்ட விடாத தடுப்பு) போட்டேன் (எம்பி3, ஏஏசி ஆகும்போது பீக் கொஞ்சம் எகிறும், அதுக்கு இடம் விடணும்). மைனஸ் 16 வந்துச்சு. மூடி சத்தத்தை மொத்தமா தூக்கிடவான்னு கேட்டேன், வேண்டவே வேண்டாம்னுட்டா. அதைக் கேட்டு அவ மாமியார் உள்ள இருந்து கத்துறதுதான் அந்த வீடியோல காமெடியாம்.