2000 மணி நேரம் ஓடிய விமான இன்ஜினை மாற்றலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சொந்தமாக செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஒன்றைப் பழையதாக வைத்திருப்பவருக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். அதில் உள்ள, லைகமிங் நிறுவனம் தயாரித்த ஓ-320 இன்ஜின் 2000 மணி நேரத்தைத் தொட்டுவிட்டது, நன்றாகத்தான் ஓடுகிறது. கழற்றி ஓவர்ஹாலுக்கு (முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க) அனுப்புவதா, இன்னும் ஓட்டுவதா?

அந்த 2000 மணியை மருந்து அட்டையில் இருக்கும் காலாவதித் தேதி போல எடுத்துக்கொள்வது முதல் தவறு. அது, இத்தனை மணி ஓடியதும் ஓவர்ஹால் செய்யுங்கள் என்ற தயாரிப்பாளரின் பரிந்துரை. வாடகைக்குப் பயணிகளை ஏற்றுபவர்களுக்கு அது பெரும்பாலும் கட்டாயம். சொந்த உபயோகத்துக்குப் பறப்பவருக்கு அமெரிக்க விதிகளில் கட்டாயம் இல்லை.

இதைவிட ஆபத்தான தவறு, மணிக்கணக்கு குறைவு என்பதால் இன்ஜின் புதுசு என்று நம்புவது. 15 வருஷத்தில் 600 மணி நேரமே ஓடிய இன்ஜின் என்றால் எனக்குப் பயம்தான். இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஆயில் கீழே வடிந்துவிடும், ஈரக்காற்று பட்டுத் துருப்பிடிக்கும். அப்புறம் ஓடும்போது துருப்பிடித்த இடம் செதில் செதிலாகப் பெயரும். மணிக்கணக்கோடு 12 வருஷம் என்ற வரம்பையும் லைகமிங் சொல்வது சும்மா இல்லை. அவ்வப்போது தரையிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதும் உதவாது. ஆயில் போதுமான அளவு சூடாகாததால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட். அதில் ஒரு சிலிண்டர், கொடுத்த 80 psi அழுத்தத்தில் 58 மட்டும் காட்டியதும் மொத்த இன்ஜினையும் கைகழுவ வேண்டாம். கொஞ்ச நேரம் பறந்துவிட்டு வந்து, சூடாக இருக்கும்போதே திரும்ப எடுத்துப் பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் காற்று எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சர் குழாயில் உஸ்ஸென்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வில் கோளாறு. போரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டால் வால்வின் முகமே காட்டிக்கொடுக்கும்: நல்ல வால்வில் நிறம் வட்ட வட்டமாக, சீராக இருக்கும்; எரியத் தொடங்கிய வால்வில் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கும். அந்த ஒரு சிலிண்டரைச் சரிசெய்தால் போதும்.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டிப் பார்க்காமல் தூக்கிப் போடுவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை வெட்டி எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள்கள் மேல் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் இரும்பு; கேம்ஷாஃப்டோ அதன் மேல் உரசி இயங்கும் டேப்பெட்டோ தேய்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

புதிதாக ஓவர்ஹால் செய்ததால் கவலையில்லை என்று இருப்பதும் தவறு. பிரித்துக் கோத்த வேலையில் பிழை இருந்தால், அது முதல் 100, 200 மணி நேரத்துக்குள் தலைகாட்ட வாய்ப்பு அதிகம். நன்றாக ஓடுகிற இன்ஜினை எண்ணுக்குப் பயந்து பிரிக்க நான் தயங்குவது இதனால்தான். அதே சமயம், ஃபில்டரில் இரும்புச் செதில்கள் கொத்தாக வந்தால், மீட்டர் 900 மணி காட்டினாலும் சரி, காரணம் தெரியும்வரை அந்த விமானம் தரையில்தான் நிற்க வேண்டும்.